மார்ஜார தீர்த்தத்தில் ஒரு பாக்கெட் மஞ்சள்தூள்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கு முன்பு வந்ததையும் தண்ணீர்தானா என்று முகர்ந்து பார்த்துத்தான் குடத்தில் பிடித்தார்கள். ஆனால் அதே போர்டின் கடைசி பிளாக்கில், காலியாகக் கிடந்த தையல்கடைக்குள், சாட்சாத் கங்கையே பொங்கிக்கொண்டிருந்தது. காசியில் புறப்பட்டவள் கடலுக்கு அடியிலேயே வந்திருக்கிறாள். எண்ணூரில் எண்ணெய் ஒட்டாமல், ராயபுரத்தில் மீன் வாடை படாமல், கால்வாயைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு, தையல் மெஷின் இருந்த இடமாகப் பார்த்துத் தலையை நீட்டிவிட்டாள். இத்தனை தூரம் வந்த தாயார் இன்னும் நாலடி நடந்து தெருக்குழாய்க்கும் வந்திருக்கலாம். குழாயில் வந்தால் தட்சிணை கிடையாதே, அதனால் வரவில்லை.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஜே ஜே என்று கூட்டம். கொடுங்கையூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள், திருவொற்றியூரிலிருந்து ரயிலேறி வந்தார்கள். வரிசை பால் பூத்தைச் சுற்றிக்கொண்டு பந்து மைதானம் வரை நின்றது. ஆளுக்கொரு காலி பாட்டில். உள்ளே ஒரு பெரிய பித்தளை உருளி, அதில் கூழாங்கல், நடுவில் ஒரு வெள்ளைப் பூ. பூவின் நடுவிலிருந்து தண்ணீர் குமிழ் குமிழாய்ப் பொங்கி இதழ் வழியாக இறங்கும். இறங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் உருளி நிறைந்து வழியாது. எங்கே சாமி போகிறது இந்தத் தண்ணீர் என்று கேட்டால், வந்த இடத்துக்கே போகிறது என்று பதில் வரும். இந்த விவகாரம் முழுவதிலும் சொல்லப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.

தீர்த்தத்தை யாரும் எடுத்தவுடன் குடித்துவிட முடியாது. முதலில் மார்ஜார மாதா குடிக்க வேண்டும். மார்ஜாரம் என்றால் பூனை. பூனை நக்கிய தண்ணீர் என்றால் எவனும் காலணா தரமாட்டான். மார்ஜாரம் உண்ட தீர்த்தம் என்றால் கையை நீட்டிக்கொண்டு வருகிறான். காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தில் காது கிழிந்து சுற்றிக்கொண்டிருந்த ஒரு சாம்பல் பூனைக்கு நெற்றியில் சந்தனம் வைத்து, கழுத்தில் ருத்ராட்சம் கட்டிவிட்டிருந்தார்கள். மாதா ஓர் ஆண்பூனை. வாலைத் தூக்கும்போதெல்லாம் அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

மாதா குறுக்கே நடப்பதற்குத் தனி டோக்கன். போன மாதம்வரை பூனை குறுக்கே போனால் வீட்டுக்குள் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிய அதே ஜனங்கள், இப்போது பூனையைக் குறுக்கே போகச் சொல்லிக் கெஞ்சினார்கள். அது போகாது. பூனை யார் சொல்லிக் கேட்டிருக்கிறது? அப்போது மைக்செட் வாடகைக்கு விடுகிற ஸ்டானிஸ்லாஸ், மாதா யோசனையில் இருக்கிறாள், யாரும் டோக்கனைத் திருப்பிக் கேட்காதீர்கள் என்று அறிவிப்பான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழாவுக்கும் அதே மைக், அதே ஸ்டானிஸ்லாஸ். அவனுக்கு எல்லா மாதாவும் வாடகை மாதாதான்.

இத்தனைக்கும் நடுவே, புலித்தோல் படம் அச்சடித்த போர்வையில் ஊற்றுச் சித்தர் அமர்ந்திருப்பார். பூர்வாசிரமத்தில் அவர் பெயர் கோதண்டம். கொளத்தூரில் மீன்தொட்டியும் மோட்டாரும் விற்று நொடித்துப்போனவர். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சித்தர் ஆசனத்தைவிட்டு எழுந்ததை ஒருவரும் பார்த்ததில்லை. அந்தப் போர்வையைத் தொட்டால் சூடாக இருக்கும். தவத்தின் அக்கினி என்று தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த வரிசையில்தான் பூவம்மா வாயை மூடிக்கொண்டு நின்றாள். மூடிக்கொண்டிருக்கும் வாய் அல்ல அது. வீட்டுக்காரன் ஜெயவேலுக்காக மூடிக்கொண்டிருந்தாள்.

ஜெயவேல் ராயபுரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன். சர்க்கரை வியாதிக்காரன். இரண்டு மாதத்துக்கு முன்பு வலது கால் கட்டைவிரலில் ஆணி கிழித்தது. புண் ஆறவில்லை. பெரியாஸ்பத்திரியில் திங்கட்கிழமைதோறும் வந்து கட்டு மாற்ற வேண்டும், மாத்திரையை நிறுத்தக்கூடாது, விரல் கருத்துவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா அவனிடம் சொல்லாமல் பூவம்மாவைப் பார்த்துச் சொல்லியிருந்தாள். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தான். அதற்குள் கங்கை வந்துவிட்டாள். இங்கிலீஷ் மாத்திரையும் கங்கையும் ஒரே உடம்பில் தங்காது, மாத்திரையை விட்டுவிட்டு, மாதா குடித்த தீர்த்தத்தால் காலையும் மாலையும் புண்ணைக் கழுவு என்று சித்தர் சொன்னார். மூன்று திங்கட்கிழமை போயிற்று. விரல் ஓரத்தில் நாவல்பழ நிறம் ஏற ஆரம்பித்துவிட்டது.

அவன் ஏன் நம்பினான் என்று கேட்டால் அதற்கும் ஒரு பூனைக் கதை உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன்பு ஜெயவேல் வியாசர்பாடி மைதானத்தில் ரைட் விங். ஒரு ஃபைனலில், கடைசி நிமிஷத்தில், பெனால்டி கிக். ஓடிவந்து உதைக்கப் போகும்போது ஒரு கறுப்புப் பூனை குறுக்கே போயிற்று. பந்து கோல்போஸ்ட்டைத் தாண்டி ரயில்வே லைனில் விழுந்தது. காற்று அடித்திருக்கலாம், கால் இடறியிருக்கலாம், எதிரே நின்ற கோல்கீப்பர் இவனைவிடக் கெட்டிக்காரனாக இருந்திருக்கலாம். ஜெயவேலுக்கு அதெல்லாம் கணக்கில்லை. பூனைதான். அன்றிலிருந்து பூனையைக் கண்டால் அவனுக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வரும். இப்போது அதே பூனை ஜாதி தன் காலைத் திருப்பித் தரப்போகிறது என்று நம்பினான். அவனுக்கு அது வைத்தியமே இல்லை. பழைய பாக்கி தீர்கிற விஷயம்.

"அன்னிக்கு இந்தக் கால கெடுத்தது பூனைதானே பூவு? இன்னிக்கு அதுவே குடுக்குது. நீ நடுவுல பூந்து பேஜாரு பண்ணாத" என்றான்.

அதற்கு மேல் பேசினால் சண்டை வரும். சண்டை வந்தால் இவன் கால் கழுவுவதை நாளுக்கு மூன்று தடவையாக்குவான். அதனால்தான் பூவம்மா வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

உருளியின் அருகே வந்தபோது அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. கிர்ர் என்று, கொசு பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி மெல்லிய சத்தம். மற்றவர்களுக்கு அது ஓங்காரம். பூவம்மாவுக்கு அது சனிக்கிழமை.

கொடுங்கையூர் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ராமசெல்வி வீட்டில் அவள் வேலை செய்கிறாள். ராமசெல்வி குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்தக்கடை போட்டது. அந்த வீட்டில் இரண்டு பூனைகள். அதில் ஒன்றுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, ஊசி, ட்ரிப் எல்லாம் ஏறி, இனிமேல் நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும் என்று மிருக டாக்டர் சொல்லிவிட்டார். கிண்ணத்துத் தண்ணீரைப் பூனை சீந்தாது, ஓடுகிற தண்ணீர் என்றால் ஆசையாகக் குடிக்கும் என்று ஒரு ஃபவுண்டன் வாங்கி வைத்தார்கள். கீழே சின்ன மோட்டார், உள்ளே ஃபில்டர், மேலே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பூ. இருக்கிற தண்ணீரையே இழுத்து, வடிகட்டி, மறுபடி மேலே தள்ளும். சனிக்கிழமைதோறும் அதைத் திறந்து, மோட்டாரில் சுற்றிய முடியை எடுத்து, பஞ்சைக் கழுவி மாட்டுவது பூவம்மாவின் வேலை. ஒரு வாரம் விட்டுவிட்டால் கிர்ர் என்று கத்தும். உள்ளே கொழகொழவென்று பாசி பிடிக்கும்.

தையல்கடைக் கங்கையை ஒரு மாதமாக யாரும் திறந்து கழுவவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் ஜெயவேல் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க அவள் பூவம்மா இல்லாமல் வேறு யாராவதாக இருந்திருக்க வேண்டும்.

"சாமி, இது பூனைக்கு வைக்கிற மெசினு. நான் வேல செய்ற வூட்ல கீது" என்றாள்.

சித்தர் புன்னகைத்தார். மெஷின் என்றால் கரண்ட் வேண்டுமே, கரண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வயரும் கண்ணில் படவில்லை, சுவரில் பிளக்கும் இல்லை. கூட்டம் அவளைத் திட்டியது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

வந்தது வினை, அந்த நிமிஷமே கரண்ட் போனது. வியாசர்பாடியில் அது அதிசயமில்லை. ஃபேன் நின்றது, மைக் செத்தது, பால் பூத் ஃபிரிட்ஜ் நின்றது. பூவம்மா உருளியைப் பார்த்தாள். இப்போது நிற்கும், இதோ நிற்கும் என்று பார்த்தாள். கங்கை பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா! கரண்ட் போன இருட்டில் கங்கை மட்டும் ஓடுகிறாள் என்று கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது. சித்தர், சந்தேகப்பட்டவளையும் மாதா மன்னிக்கிறாள் என்று பெரிய மனதோடு சொல்லி, மன்னிப்புக்கும் ஒரு டோக்கன் கிழிக்கச் சொன்னார். ஜெயவேல் அன்று ஒரு பாட்டிலுக்கு இரண்டு பாட்டிலாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

சனிக்கிழமை பூவம்மா இதைச் சொன்னபோது ராமசெல்வி சிரித்தாள். "கரண்ட் எதுக்கு பூவம்மா? செல்லுக்குச் சார்ஜ் போடுற பவர்பேங்க்ல சொருகினா நாள் பூரா ஓடும்லா" என்றாள். அந்த பவர்பேங்க் நெடுநேரம் ஓடினால் தொட முடியாமல் கொதிக்கும் என்றும் சொன்னாள். சித்தர் ஏன் எழுந்திருப்பதில்லை, தவத்தின் அக்கினி எங்கிருந்து வருகிறது என்பது அதோடு புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து என்ன? சித்தரை எழுப்பிக் காட்டு என்றால் யார் எழுப்புவது? அவள் கை வைத்தால் கூட்டம் அவளைத்தான் அடிக்கும்.

யோசித்துக்கொண்டே ஃபவுண்டனைக் கழுவி மாட்டி, தண்ணீரை ஊற்றினாள். சற்று முன்புதான் மீனுக்கு மசாலா தடவியிருந்தாள், நகக்கண்ணில் மஞ்சள். கொஞ்ச நேரத்தில் ராமசெல்வி ஹாலிலிருந்து கூப்பிட்டாள். பூனைத் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது, அரை மணி நேரமாக ஓடியும் போகவில்லை, பூனை கிட்டேயே போகவில்லை, மறுபடி மாற்றிவிடு என்றாள்.

பூவம்மா வந்து பார்த்தாள். மஞ்சள் கீழே இறங்கியது, மேலே வந்தது, மறுபடி இறங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கடையிலிருந்து ஒரு பாக்கெட் மஞ்சள்தூள் வேண்டும் என்று கேட்டாள். சமையலுக்கா என்று ராமசெல்வி கேட்க, இல்லை, சாமிக்கு என்றாள்.

செவ்வாய்க்கிழமை பூவம்மா தலைக்குக் குளித்து, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு வரிசையில் வந்தாள். தன் தப்பை உணர்ந்துவிட்டதாகவும், வீட்டுக்காரன் கால் குணமாக கங்கையம்மாவுக்கு மஞ்சள் கரைத்து விடுவதாக வேண்டிக்கொண்டதாகவும் சொன்னாள். சித்தர் முகத்தில் ஒரு நிமிஷம் மீன்தொட்டிக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். மோட்டாரில் தூள் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கங்கைக்கு மஞ்சள் கூடாது என்று எந்தச் சித்தனால் சொல்ல முடியும்? நூறு பெண்கள் முன்னால் நிற்கிறார்கள். வேண்டாம் என்றால் அவர்களே கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். சித்தர் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். மைக்கில் ஸ்டானிஸ்லாஸ், ஒரு சகோதரி மனம் திரும்பிய செய்தியை மகிழ்ச்சியோடு அறிவித்தான்.

பூவம்மா பாக்கெட் முழுவதையும் கொட்டினாள்.

வெள்ளைப் பூவின் நடுவிலிருந்து மஞ்சள் தண்ணீர் பொங்கியது. அடுத்த கணம் கூட்டம் அலறியது. கங்கை மஞ்சளாகிவிட்டாள், அம்மன் இறங்கிவிட்டாள் என்று ஒருத்தி ஆட ஆரம்பித்தாள். பூவம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மஞ்சளைக் கொட்டியதும் இவர்கள் கண்ணெதிரில்தான். தண்ணீர் மஞ்சளானதும் இவர்கள் கண்ணெதிரில்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்த மூளையை மட்டும் யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?

அவள் நகரவில்லை. உருளி ஓரத்திலேயே குந்திக்கொண்டு, குடம் பிடிக்கிற பெண்களைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நம்ம அடிபம்பு கீழ மஞ்சா கொட்னா எத்தினி நேரம் நிக்கும்?"

ரெண்டு அடி அடித்தால் போய்விடும் என்றார்கள். அது அன்றாடம் பார்க்கிற விஷயம், அதில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது.

"அப்ப இது ஓடியார கங்கதானே? இம்மாநேரம் புதுத் தண்ணி வந்து மஞ்சா பூட்ருக்கணுமே. குந்துங்க. பாக்கலாம்."

உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. அதே மஞ்சள் கீழே போய், அதே மஞ்சள் மேலே வந்தது. ஆடியவளும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். கங்கை பழைய மஞ்சளைத் திருப்பித் திருப்பித் துப்புகிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். இதற்குள் கிர்ர் என்ற சத்தம் கர்ர் என்று ஆகி, பக்கத்தில் இருந்த மைக் அதைப் பிடித்து, பந்து மைதானம் வரை ஒலிபரப்பியது. பூ இரண்டு முறை விக்கியது. பிறகு நின்றுவிட்டது.

கங்கை கோபித்துக்கொண்டாள் என்றார் சித்தர்.

"கோவம்லாம் இல்ல சாமி. ஃபில்டர் அடச்சிகிச்சு" என்று சொல்லிக்கொண்டே பூவம்மா உருளிக்குள் கையை விட்டாள். சனிக்கிழமை பழக்கம், கை தானாகவே வேலை செய்தது. பூவைத் திருகிக் கழற்றி, கீழே இருந்த டப்பாவைத் தூக்கினாள். டப்பாவோடு ஒரு வயர் வந்தது. வயரை இழுத்தாள். அது உருளிக்கும் சித்தருக்கும் நடுவே விரித்திருந்த பாய்க்கு அடியிலிருந்து வந்தது. இன்னும் இழுத்தாள். சித்தர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கடைசியாக ஓர் இழு இழுக்க, புலித்தோலுக்கு அடியிலிருந்து பவர்பேங்க் வெளியே வந்து விழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர் தொட்டுப் பார்த்தார். தவத்தின் அக்கினி இன்னும் அதில் சூடாக இருந்தது.

பூவம்மா டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். ஒரு மாதத்துப் பூனை முடி, பச்சைப் பாசி, சளி மாதிரி நூல் விட்டுத் தொங்கியது. கூடவே கருவாட்டு நாற்றம். திரைக்குப் பின்னால் மாதாவுக்கு உப்புக் கருவாடு போட்டு, தாகம் எடுக்கவைத்து வெளியே விட்டிருந்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் வாந்தியெடுத்தார்கள்.

நாலைந்து பேர் கோதண்டத்தின் சட்டையைப் பிடிக்கப் போய், சட்டை இல்லாததால் ருத்ராட்சத்தைப் பிடித்தார்கள். அவன் கையைக் கூப்பவில்லை, அழவில்லை. அவனுக்கும் கோபம்.

"நான் பூனைக்குத்தான்யா வச்சேன். நக்கிட்டுப் போனது நீங்க" என்றான்.

போலீஸ் வரும்வரை அவனை அங்கேயே உட்கார வைத்தார்கள். அந்தச் சந்தடியில் மாதா ஆசனத்தைவிட்டு இறங்கி, வாசலைத் தாண்டி, சாக்கடை ஓரமாகத் தேங்கியிருந்த தண்ணீரை ஆற அமர நக்கிக் குடித்தது. அத்தனை கருவாடு தின்ற பூனை வேறு என்ன செய்யும்? அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மெல்லத் தன் காலி பாட்டிலின் மூடியைத் திறந்தார். பூவம்மா பாய்ந்து போய் அந்த பாட்டிலைப் பிடுங்கி எறிந்தாள்.

திரும்பினால் ஜெயவேல் நின்றுகொண்டிருந்தான். அவன் யாரையும் பார்க்கவில்லை. கீழே கிடந்த பஞ்சைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான். மூன்று வாரமாக அந்தப் பஞ்சில் ஊறிய தண்ணீரைத்தான் அவன் புண்ணில் ஊற்றியிருக்கிறான். பதினெட்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்த பூனை அப்போதுதான் அவன் தலையிலிருந்து இறங்கியது போலிருக்கிறது.

"பூவு, ஆஸ்பத்திரில எத்தினி மணி வரிக்கும் பாப்பாங்க?" என்றான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டுவதற்கு என்று மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. புறப்படு என்று மட்டும் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தாள். இந்த முறை அவனைப் பார்த்தே திட்டினாள், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரல் போயிருக்கும், அதற்கு மேலும் போயிருக்கும் என்றாள். கருத்த சதையை வெட்டி எடுத்தார்கள், உள்ளேயே சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு நாள் ஊசி போட்டார்கள். நகம் போயிற்று, விரல் நின்றது. அந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரர், திருவொற்றியூரில் ஒரு காக்கா வடை வாங்கித் தின்றுவிட்டுக் குறி சொல்கிறதாம் என்று ஆரம்பித்தார். ஜெயவேல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நொண்டி நொண்டி நடந்தான். ஆஸ்பத்திரிப் பூனை ஒன்று, கறுப்புதான், படுக்கை ஒன்றின் அடியிலிருந்து வந்து அவனுக்கு நேர் குறுக்கே போயிற்று. ஜெயவேல் நின்றுவிட்டான். பழக்கம். கால் தானாக நின்றது. பின்னால் வந்த பூவம்மாவும் நின்றாள்.

"அது தண்ணி குடிக்கப் போவுது. நீ மாத்திர வாங்கப் போ" என்றாள்.

ஜெயவேல் போனான்.

ராமசெல்வி வீட்டில் இன்றைக்கும் சனிக்கிழமைதோறும் பூவம்மா அந்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறாள். கேவலம் ஒரு பூனை குடிக்கிற தண்ணீருக்கே வாரம் ஒருமுறை திறந்து பார்த்து அழுக்கெடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தலையைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?